அன்றாட இணையப் பாதுகாப்பை வீடியோவில் சொல்லிக்கொடுப்பது எப்படி: முழுமையான வழிகாட்டி

ஓடிபியை யாரிடமும் சொல்லாதீர்கள் என்று சொல்லும் வீடியோக்கள் தமிழில் ஏராளமாக வந்துவிட்டன. பார்ப்பவர்கள் தலையாட்டிவிட்டு அடுத்த வீடியோவுக்குப் போய்விடுகிறார்கள், அவர்கள் போனில் ஒரு செட்டிங்கும் மாறுவதில்லை. வீடியோ முடியும்போது பார்ப்பவருடைய போனில் ஒரே ஒரு மாற்றமாவது நடந்திருக்க வேண்டும், அதற்கான வழிதான் இது.

சில ஆண்டுகளாக இந்த வேலையைச் செய்கிறேன். புதிதாகச் சேனல் தொடங்குபவர்களுக்கு உதவியும் இருக்கிறேன், எல்லோரும் ஏறக்குறைய ஒரே இடங்களில்தான் தடுமாறுகிறார்கள். படிகளின் வரிசையை மாற்றாதீர்கள், முன்னால் இருக்கும் படியை விட்டுவிட்டால் பின்னால் இரட்டிப்பு வேலை வரும்.

1. தொடங்கும் முன் கையில் இருக்க வேண்டியவை

பழைய ஆண்ட்ராய்டு போன் ஒன்று வேண்டும். நீங்கள் தினமும் பயன்படுத்தும் போன் இதற்கு உதவாது, ஏன் என்று ஐந்தாவது படியில் சொல்கிறேன். ஆண்ட்ராய்டு 11 அல்லது அதற்குப் பிந்தையதாக இருந்தால் ஸ்கிரீன் ரெக்கார்டர் போனிலேயே இருக்கும், தனி ஆப் தேடி அலைய வேண்டாம். அதற்கென்று ஒரு ப்ரீபெய்ட் சிம், அதற்கென்று ஒரு கூகுள் கணக்கு.

காலரில் மாட்டும் மைக் ஒன்று போதும். உங்கள் முகம் வருவது இருபது விநாடி, மீதியெல்லாம் போன் திரைதான், அதனால் பெரிய கேமராவுக்குச் செலவு செய்ய வேண்டாம்.

கடைசியாக ஒரு ஆள் வேண்டும். அம்மாவோ பக்கத்து வீட்டு அக்காவோ மளிகைக்கடை அண்ணனோ, வீடியோவை வெளியிடும் முன் பார்த்து, தன் போனில் செய்து பார்க்கச் சம்மதிப்பவர். மைக்கைத் தேடும் அளவுக்கு யாரும் இந்த ஆளைத் தேடுவதில்லை. எனக்கு இந்த ஆள்தான் மற்ற எல்லாவற்றையும் விட முக்கியம், அவர் கிடைக்கும்வரை காத்திருங்கள்.

2. முதல் வேலை, உங்கள் சேனலைப் பூட்டுவது

பாதுகாப்பு சொல்லிக்கொடுப்பவரின் சேனலே பறிபோனால் பார்ப்பவர்களுக்கு அந்த விஷயத்திலேயே நம்பிக்கை போய்விடும். நமக்கு அப்படி நடக்காது என்று நினைக்காதீர்கள். மோசடிக் கால் சென்டர்களை அம்பலப்படுத்தியே பெயர் வாங்கிய ஜிம் பிரௌனிங், 2021 ஜூலையில் யூடியூப் உதவிப் பிரிவு என்று சொல்லிக்கொண்டு வந்தவர்களை நம்பித் தன் சேனலைத் தானே அழித்துவிட்டார், பிறகுதான் மீட்டார். 2023 மார்ச்சில் லைனஸ் டெக் டிப்ஸ் சேனலைக் கைப்பற்றியவர்கள் அதன் பெயரையே மாற்றி கிரிப்டோ மோசடி நேரலை ஓட்டினார்கள். விளம்பர ஒப்பந்தம் என்று வந்த ஒரு ஃபைலை அங்கே வேலை செய்த ஒருவர் திறந்ததில் தொடங்கியது அது.

அந்த ஃபைல் என்ன செய்தது என்று புரிந்துகொள்ளுங்கள், இதைப் பிறகு நீங்களே சொல்லிக்கொடுக்க வேண்டியிருக்கும். ஒருமுறை லாகின் செய்துவிட்டால், திரும்பத் திரும்பக் கேட்காமல் இருக்க பிரவுசர் ஒரு அடையாளச் சீட்டை வைத்துக்கொள்ளும், அதைத்தான் செஷன் குக்கி என்கிறார்கள். கோயிலில் செருப்பு விடும் இடத்தில் கொடுக்கும் டோக்கன் மாதிரி. டோக்கன் யார் கையில் இருக்கிறதோ அவர் செருப்பை வாங்கிக்கொண்டு போய்விடலாம், பெயரெல்லாம் யாரும் கேட்பதில்லை. கணினியில் நுழையும் தீய மென்பொருள் இந்தச் சீட்டைத்தான் திருடுகிறது, அதனால் பாஸ்வேர்டும் தேவைப்படாது, ஓடிபியும் தேவைப்படாது.

ஆகவே இந்த வரிசையில் செய்யுங்கள். சேனல் இருக்கும் கூகுள் கணக்கின் மின்னஞ்சலை வெளியில் எங்கும் போடாதீர்கள், விளம்பரம் பேச வருபவர்களுக்கென்று வேறொரு முகவரி வைத்துக்கொள்ளுங்கள். அப்புறம் பாஸ்கீ போடுங்கள், பாஸ்வேர்டுக்குப் பதிலாகக் கைரேகையாலோ திரைப்பூட்டாலோ உள்ளே போகும் வழி அது, முடிந்தால் லாகினை உறுதிசெய்யும் சின்னக் கருவியான செக்யூரிட்டி கீ வாங்குங்கள். வருமானம் வரும் சேனல்களுக்கு 2021 நவம்பர் 1 முதல் இரண்டு கட்டச் சரிபார்ப்பை யூடியூப் கட்டாயமாக்கிவிட்டது. வருமானம் வராத சின்னச் சேனல்காரர்கள்தான் இதைத் தள்ளிப்போடுகிறார்கள்.

எடிட் செய்யும் நண்பருக்குப் பாஸ்வேர்டைக் கொடுக்காதீர்கள். யூடியூப் ஸ்டுடியோவில் செட்டிங்ஸுக்குள் பெர்மிஷன்ஸ் என்று இருக்கும், அங்கே அவருடைய மின்னஞ்சலைச் சேர்த்து எடிட்டர் என்ற அளவுக்கு மட்டும் அனுமதி கொடுக்கலாம், வேண்டாம் என்றால் ஒரு தட்டில் எடுத்துவிடலாம்.

ஒப்பந்தம் என்று ஜிப் ஃபைல் வந்து, அதற்குப் பாஸ்வேர்டும் சேர்த்து அனுப்பியிருந்தால் திறக்கவே வேண்டாம். ஆன்டிவைரஸ் உள்ளே எட்டிப் பார்க்கக் கூடாது என்பதற்காகப் போடும் பூட்டு அது. பிடிஎஃப் மாதிரி படம் போட்டிருக்கும் ஃபைல் பல நூறு எம்பி இருந்தாலும் இதே கதைதான். உண்மையான நிறுவனம் என்றால் மின்னஞ்சலிலேயே விவரத்தை எழுதச் சொல்லுங்கள், எழுதுவார்கள்.

3. ஒரு வீடியோவில் ஒரே ஒரு வேலை

தலைப்பை முடிவு செய்யும் முன், வீடியோவைப் பார்த்து முடித்தவர் சொல்ல வேண்டிய வாக்கியத்தை ஒரு தாளில் எழுதுங்கள். “வாட்ஸ்அப்பில் டூ ஸ்டெப் வெரிஃபிகேஷன் போட்டுவிட்டேன்.” இப்படிப் ‘போட்டுவிட்டேன்’, ‘அணைத்துவிட்டேன்’, ‘பார்த்துவிட்டேன்’ என்று முடிந்தால் அது தலைப்பு. ‘தெரிந்துகொண்டேன்’ என்று முடிந்தால் இன்னும் யோசியுங்கள்.

போலீஸ் என்று சொல்லி வீடியோ காலிலேயே ‘கைது’ செய்து பணம் பறிக்கும் டிஜிட்டல் அரெஸ்ட் மாதிரியான விஷயத்தில் என்ன செய்யச் சொல்வது என்று பலர் கேட்கிறார்கள். அப்படி ஒரு கைது இந்தியச் சட்டத்தில் கிடையாது என்று சொல்வது ஒரு வரி, அதோடு நிறுத்தினால் பயந்துபோய் வீடியோ காலில் உட்கார்ந்திருப்பவருக்கு அது ஞாபகம் வராது. போலீஸ் என்று சொல்லி யார் கூப்பிட்டாலும் போனை வைத்துவிட்டு உடனே யாரைக் கூப்பிட வேண்டும் என்று வீட்டில் பேசி, அந்த எண்ணை ஒரு தாளில் எழுதிச் சுவரில் ஒட்டச் சொல்லுங்கள். அது கையால் செய்யும் வேலை, அதனால் மனதில் நிற்கும்.

முதல் வீடியோக்களுக்கு நான் சொல்லும் வரிசை: வாட்ஸ்அப் டூ ஸ்டெப் (கணக்குக்குப் போடும் ஆறு இலக்கப் பின் எண்), வாட்ஸ்அப்பில் லிங்க்டு டிவைசஸ் (அந்தக் கணக்கோடு இணைந்திருக்கும் மற்ற கருவிகள்) பார்ப்பது, தெரியாத ஆப் நிறுவும் அனுமதியை அணைப்பது, கூகுள் கணக்கில் மீட்பு எண்ணைச் சரிபார்ப்பது. இவற்றில் பார்ப்பவர் பாதியில் விட்டாலும் போன் பழுதாகாது, பணம் போகாது.

சிம்முக்கே பின் எண் போடும் சிம் பின் பூட்டை முதல் வீடியோவாக எடுக்காதீர்கள். நல்ல பாதுகாப்புதான், ஆனால் பின்னை மூன்று முறை தவறாகப் போட்டால் சிம் பூட்டிக்கொண்டு, அதைத் திறக்கும் பியூகே எண்ணைக் கேட்கும், பியூகே தெரியாமல் கண்டதைப் போட்டால் சிம்மே வீணாகிவிடும். புதியவர் ஒருவர் இதைத்தான் தன் முதல் வீடியோவாகப் போட்டார், மறுநாள் அவருடைய சித்தப்பாவே சிம்மோடு கடைக்குப் போய் நின்றார்.

4. சொல்லப்போவது இன்றைக்கும் உண்மையா என்று பாருங்கள்

இந்தத் துறையில் பழைய தகவல்தான் பெரிய ஆபத்து. ஒருவர் சொன்னதைப் பார்த்து இன்னொருவர் சொல்லி, நடுவில் விதி மாறியது யாருக்கும் தெரியாமலேயே வீடியோக்கள் வந்துகொண்டிருக்கின்றன. எங்கே விதி போடுகிறார்களோ அங்கே போய்ப் பாருங்கள்: ரிசர்வ் வங்கி, யுபிஐயை நடத்தும் என்பிசிஐ, தொலைத்தொடர்புத் துறை, வாட்ஸ்அப் அல்லது கூகுளின் உதவிப் பக்கம்.

நான் அடிக்கடி திருத்தும் பிழை ஒன்று உண்டு. “மூன்று நாளுக்குள் புகார் கொடுத்தால் முழுப் பணமும் திரும்பக் கிடைக்கும்.” ரிசர்வ் வங்கியின் 2017 ஜூலை சுற்றறிக்கையில் வரும் மூன்று வேலை நாள் பாதுகாப்பு, வங்கி மீதும் வாடிக்கையாளர் மீதும் தவறில்லாமல் வேறெங்கோ கசிந்து பணம் போனால் பொருந்துவது. ஓடிபியையோ பின்னையோ தானே சொல்லிவிட்டவர், வங்கிக்குத் தெரிவிக்கும் வரை போன பணத்தைத் தானே ஏற்க வேண்டும் என்றுதான் அதில் இருக்கிறது. அதனால் “மூன்று நாள் இருக்கிறது” என்று நீங்கள் சொன்னதைக் கேட்டு ஒருவர் ஒரு நாள் தள்ளிப்போட்டால், அந்த நஷ்டத்தில் உங்களுக்கும் பங்கு இருக்கிறது. உடனே சைபர் மோசடி உதவி எண் 1930, உடனே வங்கி என்று மட்டும் சொல்லுங்கள்.

இன்னொன்று, முகவரிக்குப் பக்கத்தில் பூட்டுப் படம் இருந்தால் நம்பலாம் என்பது. அந்தப் பூட்டு, நடுவில் யாரும் ஒட்டுக்கேட்க முடியாது என்பதை மட்டும்தான் சொல்கிறது, மறுமுனையில் இருப்பவர் யார் என்று சொல்வதில்லை. மோசடித் தளத்திலும் அதே பூட்டு இருக்கும்.

“இதைப் போட்டுவிட்டால் யாராலும் உள்ளே வர முடியாது” என்ற வாக்கியத்தை எந்த வீடியோவிலும் சொல்லாதீர்கள். வாட்ஸ்அப் டூ ஸ்டெப் போட்டவர் கணக்கை வேறு போனில் புதிதாகப் பதிவு செய்வது கடினம், உண்மை. ஆனால் லிங்க்டு டிவைசஸ் வழியாக அவரையே ஏமாற்றி எட்டு எழுத்துக் குறியீட்டைப் போட வைத்தால் இந்தப் பின் எண் அதைத் தடுக்காது. எதைத் தடுக்கிறது, எதைத் தடுக்காது, இரண்டையும் ஒவ்வொரு வரியாகச் சொல்லிவிடுங்கள்.

5. டெமோ போனைத் தயார் செய்யுங்கள்

உங்கள் சொந்த போனில் ரெக்கார்ட் செய்தால் ஒருநாள் கட்டாயம் எதையாவது காட்டிவிடுவீர்கள். நான் ஒருமுறை நோட்டிஃபிகேஷன்களை எப்படி மறைப்பது என்று ரெக்கார்ட் செய்துகொண்டிருந்தபோது மேலே வங்கிச் செய்தி வந்து, இருப்புத் தொகையும் கணக்கின் கடைசி நான்கு இலக்கமும் திரையில் நின்றன. எடிட்டிங்கில் பிடித்துவிட்டேன். அன்றைக்கே இன்னொரு போன் வாங்கினேன்.

பழைய போனை ஃபேக்டரி ரீசெட் செய்து புதிய கணக்கில் தொடங்குங்கள். அதில் வங்கி ஆப், யுபிஐ ஆப் எதுவும் வேண்டாம், உங்கள் தொடர்புகளையும் ஏற்றாதீர்கள். காட்டுவதற்கென்று ‘சோதனை அத்தை’, ‘சோதனை மாமா’ என்று நாலைந்து பெயர்களைச் சேர்த்துக்கொள்ளுங்கள்.

அந்தப் பெயர்களுக்கு எண் போடும்போது கவனம். எல்லோரும் 98765 43210 என்று போடுகிறார்கள், அது சரியான வடிவில் இருக்கும் எண், யாரோ ஒருவரிடம் இருக்கலாம், பார்ப்பவர்களில் நூறு பேர் அதற்குக் கூப்பிட்டுப் பார்ப்பார்கள். இந்தியாவில் மொபைல் எண்கள் 6 முதல் 9 வரையிலான இலக்கத்தில்தான் தொடங்கும், ஆகவே 12345 என்று தொடங்கும் எண்ணைப் போட்டால் யாரையும் தொந்தரவு செய்யாது. இணைய முகவரி காட்ட வேண்டுமென்றால் எக்ஸாம்பிள்.காம் இருக்கிறது, உதாரணத்துக்காகவே யாரும் வாங்க முடியாதபடி ஒதுக்கிவைத்த முகவரி அது. யுபிஐ முகவரியை மட்டும் கற்பனையாகக்கூட எழுதாதீர்கள், ஒரு கறுப்புப் பட்டை போட்டுவிடுங்கள்.

வங்கி ஆப்பைக் காட்டியே ஆக வேண்டும் என்றால் ரெக்கார்டரில் அது கறுப்பாகத்தான் வரும். பாதுகாப்புக்காக அப்படி வைத்திருக்கிறார்கள். அதைத் தாண்ட இன்னொரு போனால் வீடியோ எடுப்பவர்கள் உண்டு, வேண்டாம். திரையைப் படமாக வரைந்து, குறுக்கே ‘மாதிரி’ என்று பெரிதாக எழுதிக் காட்டுங்கள். வங்கியின் லோகோவைப் போடாதீர்கள், உங்கள் படத்தை வெட்டி எடுத்து மோசடிக்காரர்கள் பயன்படுத்தலாம்.

6. ஸ்கிரிப்ட்: பார்ப்பவரிடம் இருப்பது ஒரே போன்

புதியவர்களிடம் இதை நான் எத்தனை முறை சொன்னாலும் ரெக்கார்ட் செய்து வந்த பிறகுதான் புரிகிறது. உங்கள் வீடியோவை ஒருவர் எந்த போனில் பார்க்கிறாரோ, அதே போனில்தான் நீங்கள் சொல்வதைச் செய்ய வேண்டும். அவர் செட்டிங்ஸைத் திறந்த அடுத்த நொடி உங்கள் முகமும் குரலும் காணாமல் போய்விடும். நீங்கள் தொடர்ந்து பேசிக்கொண்டிருப்பதில் அர்த்தமே இல்லை.

எனக்கு இதைக் கற்றுக்கொடுத்தவர் பக்கத்து வீட்டு அக்கா. வாட்ஸ்அப் டூ ஸ்டெப் வீடியோவைக் கொடுத்து, நான் எதுவும் பேசாமல் உட்கார்ந்திருந்தேன். “வாட்ஸ்அப்பைத் திறங்கள்” என்றதும் திறந்தார், என் வீடியோ மறைந்தது, அரை நிமிடம் போனையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, “தம்பி, நீ எங்கேப்பா போன, ஆளக் காணோமே?” என்று கேட்டார். ஏழு படி சொல்லியிருந்தேன். திரும்ப வந்து தேடி, மறுபடி போய், நான்காவது படியில் விட்டுவிட்டார்.

அதிலிருந்து ஸ்கிரிப்டை இப்படித்தான் பிரிக்கிறேன். முதலில் முழுவதையும் ஒருமுறை நான் செய்து காட்டுவேன், பார்ப்பவர் கையைக் கட்டிக்கொண்டு பார்க்கட்டும். அப்புறம் மூன்று படிக்கு மேல் இல்லாமல் ஒரு துண்டு. “இப்போது வீடியோவை நிறுத்துங்கள், இந்த மூன்றையும் செய்துவிட்டு வாருங்கள், நான் இங்கேயேதான் இருக்கிறேன்” என்று சொல்லி, அந்த மூன்று படியையும் எழுத்தில் ஐந்து விநாடி அப்படியே நிறுத்துவேன், ஸ்கிரீன்ஷாட் எடுத்துக்கொள்ளலாம் என்றும் சொல்வேன். இதற்குப் பிறகு “பாதியில் மாட்டிக்கொண்டேன்” என்று வரும் செய்திகள் எனக்கு வெகுவாகக் குறைந்துவிட்டன.

பெயர்களை போனில் இருக்கிறபடி சொல்லுங்கள். பலருடைய போன் ஆங்கிலத்தில் இருக்கும், சிலருடையது தமிழில் இருக்கும், அதனால் ‘செட்டிங்ஸ், தமிழில் வைத்திருந்தால் அமைப்புகள்’ என்று முதல்முறை இரண்டையும் சொல்லிவிடுங்கள். நீங்களாக ஒரு அழகான மொழிபெயர்ப்பை உருவாக்காதீர்கள், திரையில் இல்லாத சொல்லை அவர் தேடிக்கொண்டிருப்பார்.

சாம்சங், விவோ, ரெட்மி ஒவ்வொன்றிலும் மெனு ஒவ்வொரு இடத்தில் இருக்கும். எல்லாவற்றையும் காட்ட முயன்றால் வீடியோ முடியாது. செட்டிங்ஸின் மேலே இருக்கும் தேடல் பெட்டியில் என்ன தட்டச்சு செய்ய வேண்டும் என்று காட்டுங்கள், அது எல்லா போனுக்கும் பொருந்தும்.

மோசடி நடக்கும் முறையை எவ்வளவு விளக்குவது? தப்பிக்கத் தேவையான அளவுக்கு மட்டும். கல்யாணப் பத்திரிகை என்று வாட்ஸ்அப்பில் வரும் ஏபிகே ஃபைலை, அதாவது திறந்தால் போனில் ஆப்பை நிறுவும் ஃபைலைப் பற்றிப் பேசுகிறீர்கள் என்றால், அது எப்படித் தெரியும், திறந்தால் எந்த அனுமதியைக் கேட்கும், எங்கே நிறுத்தலாம் என்பது போதும். அதை எப்படித் தயாரிக்கிறார்கள் என்று காட்டினால் இன்னொரு மோசடிக்காரருக்குப் பாடம் நடத்தியதாகிவிடும். திருடும் நோக்கில் ஹேக்கிங் கற்றுத்தரும் வீடியோக்களை யூடியூப் விதிகளும் தடுக்கின்றன, 90 நாளில் மூன்று ஸ்டிரைக் (விதிமீறல் எச்சரிக்கை) வாங்கினால் சேனலே போய்விடும்.

7. ரெக்கார்டிங்

டூ நாட் டிஸ்டர்ப் போடுங்கள். ஸ்கிரீன் ரெக்கார்டரில் தொடும் இடத்தைக் காட்டும் வசதியை இயக்குங்கள், விரல் எங்கே பட்டது என்று ஒரு புள்ளி தெரியும். எழுத்தின் அளவைக் கூட்டிவிட்டு எடுங்கள். போனை நேராகப் பிடித்துப் பார்ப்பவருக்கு அகல வீடியோ திரையில் மூன்றில் ஒரு பங்குகூட வராது, அதற்குள் உங்கள் போன் திரை கட்டைவிரல் அளவுக்குத்தான் இருக்கும். அதனால் தட்ட வேண்டிய இடத்தை மட்டும் வெட்டிப் பெரிதாக்குங்கள்.

மின்விசிறியை அணைத்துவிட்டு மெதுவாகப் பேசுங்கள். பின்னணி இசை வேண்டாம், காது மந்தமானவர்களும் பார்க்கிறார்கள்.

8. மறைக்க வேண்டியதை மறைப்பது

இந்தப் படியை அவசரமாகச் செய்தால் மற்றவருக்குக் கெடுதல் நேரும், அதனால் தூங்கி எழுந்து மறுநாள் செய்யுங்கள்.

எண்களை மங்கலாக்காதீர்கள், கட்டம் கட்டமாகவும் ஆக்காதீர்கள். அப்படி மறைத்த எழுத்தைத் திரும்பக் கண்டுபிடிக்கும் கருவிகள் இருக்கின்றன, எண்களில் பத்தே வடிவங்கள் என்பதால் இன்னும் எளிது. ஒரே நிறத்தில் கெட்டியான பட்டை போடுங்கள். திரையை நகர்த்தும்போது பட்டை எண்ணைவிட்டு விலகிவிடும், அந்த இடத்தை மட்டும் ஃபிரேம் ஃபிரேமாக ஓட்டிப் பாருங்கள்.

கியூஆர் கோடு தனிக் கதை. நடுவில் ஒரு ஸ்டிக்கர் போட்டால் போதும் என்று நினைக்கிறார்கள். கிழிந்தாலும் அழுக்கானாலும் படிக்க வேண்டும் என்பதற்காகவே கியூஆரில் பிழை திருத்தம் வைத்திருக்கிறார்கள், உயர்ந்த நிலையில் சுமார் 30 சதவீதம் சிதைந்தாலும் ஸ்கேன் ஆகும். நடுவில் லோகோ போட்ட கியூஆர் கடைகளில் வேலை செய்வதும் இதனால்தான். முழுவதையும் மூடுங்கள், மூடிய பிறகு இன்னொரு போனால் ஸ்கேன் செய்து பாருங்கள்.

மோசடிக்காரர் கூப்பிட்ட எண்ணைக் காட்ட வேண்டும் என்று கை பரபரக்கும். காட்டாதீர்கள். அந்த எண் வேறு ஒருவருடையதைப் போலக் காட்டப்பட்டதாக இருக்கலாம், அல்லது அப்பாவி ஒருவரின் ஆதாரில் வாங்கிய சிம்மாக இருக்கலாம். எண்ணைக் காவல்துறையிடமும் சஞ்சார் சாத்தி தளத்தின் சக்ஷு பகுதியிலும் கொடுங்கள், உங்கள் வீடியோவில் வேண்டாம். மோசடி இணைப்பையும் விளக்கப் பெட்டியில் உயிரோடு போடாதீர்கள், எச்சரிக்கையைப் படிக்காமல் அழுத்துபவர்கள் இருக்கிறார்கள்.

பாதிக்கப்பட்டவரைப் பேட்டி எடுத்தால் முகம், குரல் இரண்டையும் மாற்றுங்கள், ஊரையும் வேலையையும் சேர்த்துச் சொல்லாதீர்கள். ‘இந்த ஊர் பள்ளியின் ஓய்வுபெற்ற கணக்கு டீச்சர்’ என்றால் பெயர் சொன்ன மாதிரிதான். முடித்த பிறகு அவருக்கே ஒருமுறை போட்டுக்காட்டி, சரி என்று வாட்ஸ்அப்பில் எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். பணம் போனதை வீட்டில் இன்னும் சொல்லாதவர்கள் நிறையப் பேர்.

9. ஒருவரை உட்காரவைத்துச் சோதித்தல்

முதல் படியில் சொன்ன அந்த ஆளைக் கூப்பிடுங்கள். வீடியோவை அன்லிஸ்டட் ஆக, அதாவது இணைப்பு இருப்பவர் மட்டும் பார்க்கும்படி ஏற்றி, இணைப்பை அவருடைய போனுக்கு அனுப்புங்கள். பக்கத்தில் உட்காருங்கள், வாயைத் திறக்காதீர்கள், கையை நீட்டாதீர்கள். எந்த நிமிடத்தில் நிறுத்தினார், எங்கே உதட்டைப் பிதுக்கினார் என்று நேரத்தோடு குறியுங்கள்.

அந்த அக்காவை இரண்டாம் முறை உட்காரவைத்தபோது வேறு இரண்டு பிழைகள் தெரிந்தன. ஆறு இலக்கப் பின் கேட்டதும் தன் யுபிஐ பின்னையே போட்டார், அவருடைய யுபிஐ பின்னும் ஆறு இலக்கம், அவருக்கு ஞாபகத்தில் இருப்பதும் அது ஒன்றுதான். அடுத்து மின்னஞ்சல் கேட்டதும் ஸ்கிப் அழுத்திவிட்டார். பின்னை மறந்து, மின்னஞ்சலும் இல்லையென்றால் மீண்டும் பதிவு செய்ய ஏழு நாள் காத்திருக்க நேரிடும். அந்த இரண்டு இடத்திலும் தலா ஒரு வாக்கியம் சேர்த்தேன்: “ஏடிஎம், யுபிஐ எண்ணைப் போடாதீர்கள், புதிதாக ஒன்று”, “மின்னஞ்சல் இருந்தால் ஸ்கிப் வேண்டாம்”. முழு வீடியோவிலும் பயன்பட்டது அந்த இரண்டு வாக்கியம்தான் என்று இன்றும் நினைக்கிறேன்.

அவர் செய்து முடிக்கவில்லை என்றால் அந்தத் துண்டை மறுபடி எடுங்கள். அவர் மீது குறை சொல்லாதீர்கள், அவர் மாட்டிய இடத்தில் இன்னும் ஆயிரம் பேர் மாட்டுவார்கள்.

10. வெளியிடுவதும் கமெண்டுகளும்

தம்ப்னெயிலில் முகமூடி போட்ட ஹேக்கர் படமும் ‘உங்கள் பணம் காலி’யும் வேண்டாம். பயந்தவர்கள் பார்க்கிறார்கள், ஆனால் செட்டிங்ஸைத் தொட மாட்டார்கள். எந்த வேலை, எத்தனை நிமிடம் என்று எழுதுங்கள். தேதியையும் போடுங்கள்.

வெளியிட்ட உடனே உங்கள் கமெண்ட் ஒன்றை எல்லாவற்றுக்கும் மேலே நிற்கும்படி பின் செய்யுங்கள். பணம் போயிருந்தால் இந்தியாவில் 1930, இணையத்தில் சைபர்கிரைம்.கவ்.இன். தமிழ் வீடியோவை வெளிநாட்டில் இருப்பவர்களும் பார்ப்பார்கள், 1930 அவர்களுக்குப் பயன்படாது. மலேசியாவுக்கு 997, சிங்கப்பூருக்கு 1799, இலங்கையின் இணையப் பாதுகாப்பு அமைப்பான சேர்ட்டுக்கு 101 என்று சேர்த்துவிடுங்கள்.

அப்புறம் கமெண்டுகளைக் கவனியுங்கள், மோசடிக்காரர்கள் அங்கேதான் வந்து உட்காருவார்கள். “எனக்குப் போன பணத்தை இவர்தான் மீட்டுக்கொடுத்தார், டெலிகிராமில் தொடர்பு கொள்ளுங்கள்” என்று ஒரு கமெண்ட் வரும், அதற்கு நாலு பேர் நன்றி சொல்லியிருப்பார்கள், எல்லாம் ஒரே கூட்டம். பணத்தை இழந்து தவிப்பவரிடம் மிச்சமிருப்பதையும் பிடுங்கும் வேலை இது. யூடியூப் ஸ்டுடியோவில் தடைசெய்த சொற்கள் பட்டியல் இருக்கிறது, அதில் டெலிகிராம், ரெக்கவரி, வாட்ஸ்அப் எண் போன்றவற்றைத் தமிழிலும் ஆங்கிலத்திலும் சேருங்கள், இணைப்புள்ள கமெண்டுகளையும் நிறுத்திவைக்கச் சொல்லுங்கள். உங்கள் படத்தையே வைத்துக்கொண்டு உங்கள் பெயரில் பதில் போடுபவர்களும் வருவார்கள். நான் யாருக்கும் தனியாகச் செய்தி அனுப்ப மாட்டேன் என்று ஒவ்வொரு வீடியோவிலும் வாயால் சொல்லிவிடுங்கள்.

11. உதவி கேட்டு வருபவர்களுக்கு

பத்து வீடியோ போட்டதும் “அண்ணா, இப்பதான் எண்பதாயிரம் போச்சு” என்று செய்தி வர ஆரம்பிக்கும். அந்த நேரத்தில் எப்படி நடந்தது என்று விசாரிக்காதீர்கள். முதல் பதிலை முன்பே எழுதி வைத்திருங்கள்: இப்போதே 1930க்குக் கூப்பிடுங்கள், வங்கியைக் கூப்பிட்டுக் கணக்கை நிறுத்தச் சொல்லுங்கள், பரிவர்த்தனை எண்ணை எழுதி வையுங்கள், எந்தச் செய்தியையும் அழிக்காதீர்கள். பணம் அடுத்தடுத்த கணக்குகளுக்குப் போய்க்கொண்டிருக்கும், சீக்கிரம் சொன்னால்தான் நடுவில் நிறுத்திவைக்க வாய்ப்பு.

அவர்களுடைய ஸ்கிரீன்ஷாட், ஆதார், கணக்கு விவரம் எதையும் வாங்காதீர்கள், அனுப்பினால் அழித்துவிட்டு அழித்ததாகச் சொல்லுங்கள். அவர்கள் போனை இங்கிருந்தே இயக்கும் ரிமோட் ஆப் போட்டு உதவுகிறேன் என்று ஒருபோதும் சொல்லாதீர்கள். பணம் கிடைத்துவிடும் என்று வாக்கும் கொடுக்காதீர்கள்.

12. மூன்று மாதத்துக்கு ஒருமுறை பழைய வீடியோக்களைப் பாருங்கள்

காலண்டரில் குறித்து வையுங்கள். நமக்கு வரும் அழைப்புகளை மோசடிக்காரர் தன் எண்ணுக்குத் திருப்பிவிடும் கால் ஃபார்வர்டிங் மோசடி பற்றி நிறைய பழைய வீடியோக்கள் ஸ்டார், ஹேஷ் குறியீடுகளை வைத்தே பேசுகின்றன. 2024 ஏப்ரல் 15 முதல் அந்தக் குறியீடுகள் வழியாக ஃபார்வர்டிங் போடுவதை நிறுத்தச் சொல்லித் தொலைத்தொடர்புத் துறை உத்தரவிட்டுவிட்டது. யுபிஐயில் தனிநபர் ஒருவர் இன்னொருவரிடம் பணம் கேட்டு அனுப்பும் கோரிக்கையை என்பிசிஐ 2025 அக்டோபர் 1 முதல் நிறுத்தியது, ‘ரிக்வெஸ்ட் மோசடி’ என்று எடுத்த என் வீடியோ ஒன்று அன்றைக்கே பழசாகிவிட்டது. பணம் பெற யுபிஐ பின் எண் தேவையில்லை என்ற பகுதி மட்டும் இன்றும் சரி. வங்கிகளின் தளங்கள் பேங்க்.இன் என்று முடியும் முகவரிக்கு 2025 அக்டோபர் இறுதிக்குள் மாற வேண்டும் என்று ரிசர்வ் வங்கி சொன்னபிறகு, பழைய வங்கி முகவரியைக் காட்டும் வீடியோக்களும் திருத்தப்பட வேண்டியவை.

யூடியூபில் ஏற்றிய வீடியோவை அதே இணைப்பில் மாற்ற முடியாது. தவறான துண்டை வெட்டி எடுக்க முடிந்தால் ஸ்டுடியோவின் எடிட்டரிலேயே வெட்டுங்கள். மொத்தமும் பழசாகிவிட்டால் புதிதாக எடுத்து ஏற்றி, பழைய வீடியோவின் பின் செய்த கமெண்டிலும் விளக்கப் பெட்டியின் முதல் வரியிலும் புதியதன் இணைப்பைப் போட்டு, தலைப்பின் முன்னால் ‘பழையது’ என்று சேருங்கள். செய்தால் பணம் போகும் அளவுக்குத் தவறான தகவல் என்றால் எத்தனை லட்சம் பார்வை இருந்தாலும் அன்றைக்கே பிரைவேட் ஆக்கிவிடுங்கள்.